டர்போ காரின் மைலேஜ் குறைவது ஏன்?

"மாமா, டர்போ போச்சாம். 45,000 ரூபாய் ஆகும்னு சொல்லிட்டாங்க."

2024-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலகாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன் வந்து சொன்ன வார்த்தை இது. அவனுடையது 2012 மாடல் டீசல் டர்போ கார், மஞ்சள் போர்டு. பெங்களூர் விமான நிலையம், வேலூர் ஆஸ்பத்திரி, திருப்பதி என்று வாடகைக்கு ஓட்டுகிறான். வாங்கியபோது லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 13-க்கு இறங்கிவிட்டது. மெக்கானிக் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு 'டர்போ மாற்ற வேண்டும்' என்று சொல்லிவிட்டார். பையன் மனைவியின் வளையலை அடகு வைப்பதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைப்பது எப்படி என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். மீதிப் பேரில் பலருக்கு ஒரு பழைய காரோ ஆட்டோவோதான் கம்பெனி, அதுதான் சம்பளம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 19-இலிருந்து 14-க்கு இறங்கினாலே மாதம் 56 லிட்டர் டீசல் கூடுதல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,000 ரூபாய்! ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு புகையாகப் போகிறது என்று அர்த்தம்.

"வளையல் இருக்கட்டும்ப்பா. முதலில் அளந்து பார்ப்போம்" என்றேன். ரயில்வேயில் டீசல் இன்ஜின்களோடு முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். அங்கே கற்ற பாடம் ஒன்றே ஒன்றுதான்: அளக்காமல் ஸ்பானரைத் தொடாதே. அந்தப் பாடத்தை நானே மீறிய கதையும் கீழே வருகிறது.

டர்போ என்பது என்ன?

டீசல் எரியக் காற்று வேண்டும். 1 கிலோ டீசல் முழுவதும் எரிவதற்குச் சுமார் 14½ கிலோ காற்று தேவை. புகையில்லாமல் எரிய வேண்டுமானால் அதைவிடத் தாராளமாகவே கொடுக்க வேண்டும். சாதாரண இன்ஜின் தன்னால் முடிந்த அளவு காற்றை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ உள்ள இன்ஜினில், வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும்.

வீணாகும் புகையின் சக்தியைக் கொண்டே காற்றை அழுத்தும் இந்த யோசனைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூஹி. கப்பலிலும் ரயில் இன்ஜினிலும் நன்றாக வேரூன்றிய பிறகுதான் அது காருக்கு வந்தது. 1962-இல் அமெரிக்காவில் பெட்ரோல் கார்களிலும், 1978-இல் மெர்சிடஸ் டீசல் காரிலும் டர்போ வந்தது. நம் நாட்டிலோ, அதே 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான 2,600 குதிரைத் திறன் டபிள்யூ.டி.எம்.-2 ரயில் இன்ஜினிலேயே டர்போ இருந்தது. நம் காரில் இருப்பது அதன் குட்டித் தம்பி.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். சுரங்கத்தில் பாறையைத் துளைத்த டிரில்கள் எல்லாம் மேலே கம்ப்ரஸரில் அழுத்திக் குழாய் வழியே கீழே அனுப்பிய காற்றில்தான் ஓடின. வழியில் குழாய் எங்கேயாவது கசிந்தால் கீழே டிரில் சோர்ந்துவிடும். அதற்காக யாரும் டிரில்லை மாற்ற மாட்டார்கள், கம்ப்ரஸரையும் மாற்ற மாட்டார்கள். கசிவைத்தான் தேடுவார்கள். காரிலும் டர்போ என்பது கம்ப்ரஸர். அதிலிருந்து இன்ஜின் வரை ரப்பர் குழாய்கள், கிளாம்புகள், சில வண்டிகளில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பத்து வருடம் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்த ரப்பர் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு சரியா?

ரயில் இன்ஜின் டீசல் அதிகம் குடிக்கிறது என்று புகார் வந்தால், எத்தனை டன் இழுத்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கை வைத்துத்தான் பார்ப்போம். இன்ஜினை ஷெட்டில் நிறுத்தியே, அதன் மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலவழிக்கவிட்டு, எவ்வளவு சக்தி வருகிறது என்று அளப்போம். அதற்கு 'லோடு பாக்ஸ்' சோதனை என்று பெயர். காருக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் டாஷ்போர்டில் காட்டும் சராசரியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே பங்கில், ஒரே மாதிரி, குழாய் தானாக 'டக்' என்று நிற்கும் வரை டாங்க்கை நிரப்புங்கள். அதற்கு மேல் குலுக்கி ஊற்ற வேண்டாம். ஓட்டிவிட்டு மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் கணக்கு. 500 ரூபாய்க்குப் போட்டு முள்ளைப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது.

இன்னொரு சங்கதி. பையன் சென்ற முறை டயர் மாற்றியபோது, கடையில் இருந்த கொஞ்சம் பெரிய சைஸைப் போட்டிருந்தான். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டர் கல்லை எண்ணிப் பார்த்தோம். மீட்டர் 24 என்றுதான் காட்டியது. இதையும் சரிக்கட்டி மூன்று டாங்க் சராசரி பார்த்தபோது உண்மையான மைலேஜ் 13 அல்ல, 14. ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல் 1 கிலோமீட்டர் கிடைத்துவிட்டது!

அடுத்தது, இன்ஜினுக்கு வெளியே

மைலேஜ் குறைந்தால் உடனே எல்லோரும் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். வண்டி உருளுவதைத் தடுக்கும் சங்கதிகளை முதலில் பார்க்க வேண்டும். இவை மலிவானவை.

டயர் காற்று: ஓட்டுநர் பக்கக் கதவு அருகே ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும்.

பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பது: சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி ஒருவர் தள்ளினால் கார் சுலபமாக நகர வேண்டும். 10 கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் தனியாக அனல் அடித்தால் அங்கே பிரேக்கோ வீல் பேரிங்கோ பிடிக்கிறது.

வீல் அலைன்மென்ட், மேலே எப்போதும் கட்டியிருக்கும் கேரியர், டிக்கியில் சுமந்து திரியும் வேண்டாத சாமான்: இவையும் டீசல் குடிப்பவைதான்.

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 80-இல் போகிறவர் 100-இல் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 120-இல் போனால் இரண்டேகால் மடங்கு. பேத்தமங்கலம் பக்கம் வந்துவிட்ட பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையில் பறந்துவிட்டு 'மைலேஜ் இல்லை' என்று வண்டியைக் குறை சொல்லக் கூடாது.

பையனின் வண்டியில் பின்பக்க இடது சக்கரம் அனலடித்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடுபடவில்லை. அதைச் சரிசெய்து, டயர் காற்றையும் சரியாகப் பிடித்து மறுபடி அளந்தோம். 15½.

நான் செய்த தவறு

இனி இன்ஜின். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை. டீசல் இன்ஜின் புகை மூலம்தான் பேசும். கரும்புகை என்றால் டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் சிறிது நேரத்துக்கு அல்லாமல் தொடர்ந்து வெண்புகை வந்தால் எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர்.

கரும்புகையைக் கண்டதும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. 'ஈ.ஜி.ஆர். வால்வுதான்' என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு அது. கரி படிந்து திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜினுக்குச் சுத்தமான காற்று குறையும், கரும்புகை வரும். அதைக் கழற்றி, கரியைச் சுரண்டி, புதுக் காஸ்கெட் போட்டு மாட்ட அரை நாள் போனது. வால்வு கரியாகத்தான் இருந்தது, ஆனால் நன்றாகவே திறந்து மூடியது. மறுபடி அளந்தோம். அதே 15½. முப்பது வருடம் பிறருக்குச் சொன்ன பாடத்தை என் வீட்டு வாசலில் நானே மறந்தேன்! பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய அரை நாள் வாடகை போயிற்று என்பது எனக்குத் தெரியும்.

கிழவரின் காது

மறுநாள் சோதனை ஓட்டத்துக்குப் பையனின் அப்பாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். சுரங்கத்தில் டிரில் மெஷின் ஓட்டியவர். சுரங்கம் மூடும் வரை கீழே இறங்கியவர். இப்போது ஒரு காது மந்தம். சயனைடு மேட்டை ஒட்டிய ஏற்றத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மூன்றாம் கியரில் மிதித்து ஏறினோம். பின் சீட்டிலிருந்து கிழவர் பையனின் தோளைத் தட்டினார்.

"டேய், காத்து லீக்குடா. ஸ்ஸ்ஸுன்னு கேக்குது பாரு."

எனக்குக் கேட்கவில்லை. பையனுக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஏறும்போது கூர்ந்து கவனித்தேன். ஆமாம், மிதிக்கும்போது மட்டும் மெல்லிய சீறல், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. சும்மா நிற்கும் வண்டியில் இது கேட்காது. டர்போ அழுத்தம் கொடுக்கும்போதுதான் கசிவும் வாயைத் திறக்கும்.

பஞ்சர் கடைக்குப் போனோம். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாய்த் தொடரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்று விட்டோம். 10 பி.எஸ்.ஐ. போதும், 15-ஐத் தாண்டவே கூடாது. சோப்புத் தண்ணீரைத் தடவியதும், கீழ்ப்பக்கம் கிளாம்புக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு நுரை பொங்கியது. வெளியே பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் தெரியும், உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. சுரங்கத்திலும் இப்படித்தான் கண்டுபிடிப்போம் என்றார் கிழவர்.

புது ஹோஸ், இரண்டு கிளாம்பு போட்டாயிற்று. கரும்புகை போய்விட்டது. மூன்று டாங்க் சராசரி 18. பிரேக் வேலையும் சேர்த்து மொத்தச் செலவு 3,800 ரூபாய். பழைய டர்போ இன்றும் அதே வண்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வளையல் வீட்டிலேயே இருக்கிறது.

கசிந்தால் ஏன் டீசல் அதிகம் செலவாகிறது? பல கார்களில் உள்ளே போகும் காற்றை டர்போவுக்கு முன்னால் உள்ள சென்சர் அளக்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலைக் கம்ப்யூட்டர் அனுப்புகிறது. வழியில் காற்று கசிந்துவிட்டால் டீசல் மிஞ்சிக் கரியாகிறது. அழுத்தத்தை அளக்கும் சென்சர் உள்ள வண்டியில் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். வண்டி இழுக்காது, ஓட்டுநர் கியரைக் குறைத்து இன்னும் மிதிப்பார். எந்த வழியில் போனாலும் நஷ்டம்தான். அதிலும் நம் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. அதை ஈடுகட்டுவதும் டர்போதான் என்பதால் கசிவு இங்கே இன்னும் உறைக்கும்.

வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ள

மேலே சொன்ன அளவும் பிரேக்கும் சரியாக இருந்தால், இன்ஜினில் இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? காற்றை அளக்கும் சென்சரில் தூசியும் எண்ணெயும் படிந்திருக்கிறதா?

2. டர்போவுக்குப் பின்னால் உள்ள ஹோஸ், கிளாம்பு, இன்டர்கூலர் கசிகிறதா? எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் சந்தேகப்படுங்கள். டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

3. தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டதா? நெடுஞ்சாலையில் ஓடும்போது சூட்டு முள் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நின்றால் இன்ஜின் குளிர்ந்தே ஓடுகிறது. மைலேஜ் அதில் போகும்.

4. கிளட்ச் வழுக்குகிறதா? மேல் கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் ஆமாம்.

5. ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் டர்போ அழுத்தமும் கிடைக்கும் அழுத்தமும் ஒன்றாகப் போகிறதா? சாவி போட்டு இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால், சென்சர் அந்த ஊர்க் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல், நம் ஊரில் சுமார் 91. இங்கே 91 காட்டினால் சென்சர் கெட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

6. ஈ.ஜி.ஆர். வால்வு, பிறகு இன்ஜெக்டர். இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், எது கசிகிறது என்று தெரியும்.

7. டர்போ கடைசியில். இன்ஜின் நின்று ஆறிய பிறகு, முன்பக்கக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகள் சுவரில் உரசியிருந்தாலோ, சைரன் போல ஊளையிட்டாலோ, நீலப்புகை வந்தாலோ டர்போ உண்மையிலேயே போய்விட்டது. நீலப்புகை குப்பென்று வந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடிவிடும் அபாயம் உண்டு. இன்ஜின் ஓடும்போது அந்த வாய்க்குள் விரலை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

டர்போ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், பழையது ஏன் போயிற்று என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் ஆயில்: அழுக்கு, குறைவு, அல்லது தவறான ரகம். ஆயில் வரும் குழாயைச் சுத்தம் செய்யாமல் புது டர்போவைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்தால், நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். டர்போவின் ஆயுள் கூடும்.

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 முதல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6, 7 சதவீதம் மைலேஜ் குறைவது எரிபொருளால். அதற்கு மேல் குறைந்தால்தான் வண்டியில் கோளாறு தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நல்ல மெக்கானிக்குகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'இது போச்சு, அது போச்சு' என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எதை அளந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் இருந்தால் பணத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஒரு பெரியவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஏற்றத்தில் ஒருமுறை போய்வாருங்கள். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் இந்த மண்ணுக்கடியில் காற்றின் சத்தத்தைக் கேட்டே வேலை செய்தவர்கள். அந்தக் காது நமக்கு இன்னும் உபயோகப்படும்.